சலவைக்கூடத்துச் சிஸ்டர்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் கலியாண மண்டபத்தில் ஒரே மேசையில் அகப்பட்டுவிட்டால், தட்டில் மீன் ரோல்ஸ் வந்து சேருமுன்னே ஒரு கேள்வி வந்துவிடும். "நீங்கள் எந்த ஹைமில இருந்தனீங்கள்?" எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்பதெல்லாம் நம் அப்பா அம்மாக்களின் கேள்வி. எண்பதுகளில் கையைப் பிடித்து இழுத்து வரப்பட்ட நமக்கு ஊர் அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. ஜெர்மனி தந்த அந்த ஹைம், அகதி விடுதி, முழுசாக நினைவிருக்கிறது. சமையலறைக்கு வரிசை, குளியலறைக்கு வரிசை, நகரசபை கொடுத்த மண்ணிறப் போர்வை, சுவருக்கு அந்தப் பக்கம் இரவெல்லாம் இருமுகிற யாரோ ஒரு அண்ணை. உங்களுக்கும் அதுதானே? எனக்கு அதோடு இன்னொன்றும் இருக்கிறது. மேசையில் சொல்லத் தொடங்கினால் ரோல்ஸ் ஆறிவிடும், பக்கத்தில் இருப்பவரின் முகமும் வாடிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மூட்டு வலியும் மூக்குக் கண்ணாடியும் வந்துவிட்ட வயது. இனியும் தள்ளிப்போட்டால் யார் எழுதுவது?

எங்கள் ஹைம் எசன் நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, மலைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தது. பழைய பாடசாலைக் கட்டடம். ஒரு வகுப்பறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் அப்பா, அம்மா, அக்கா, நான். இரண்டு இரும்பு அடுக்குக் கட்டில்கள். மற்றப் பாதியிலும் மேல்மாடி முழுவதிலும் தனியாக வந்த இளைஞர்கள். எல்லோரும் நல்ல பெடியன்கள்தான். வேலை செய்ய அனுமதி இல்லை, பொழுதும் போகவில்லை, பகல் முழுக்கக் கரம்போர்ட் அடிக்கிற சத்தம். அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. குளியலறை எல்லோருக்கும் பொது. அக்கா உள்ளே போனால் அம்மா வாசலில் துவாயும் கையுமாகக் காவல் நிற்பார். அந்த வருடம் முழுவதும் அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்குப் பதினொரு வயது. காவல் தேவைப்படாத வயது, ஆனால் உத்தியோகம் இருந்தது. நகரசபையில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம் தந்திருக்கிறார்கள் என்றால் நான், டொக்டரிடம் என்றால் நான், கடையில் மீன் டின்னைத் திருப்பிக் கொடுப்பதென்றாலும் நான். நம்மில் யார்தான் அந்தச் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்க்கவில்லை? அக்காவுக்கு என்னைவிட நன்றாக ஜெர்மன் வரும். ஆனால் அக்காவை ஆபீஸ்களுக்குக் கூட்டிக்கொண்டு போனால் நாலு பேர் பார்ப்பார்களாம். அம்மாவின் வயிற்றுக் கோளாறை ஒரு இளம் டொக்டருக்கு நான் கைகளால் விளக்கிய கதையை அக்கா இன்றைக்கும் கலியாண வீடுகளில் நடித்துக் காட்டுவாள்.

எங்கள் தெருவின் முடிவில் சிவப்புக் கல்லில் கட்டிய ஒரு மடம் இருந்தது. கன்னியாஸ்திரிகள் மடம். வந்த முதல் வாரம் அதன் மணிச் சத்தத்தைக் கேட்டு அம்மா அழுதே விட்டார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர். அம்மாவைப் பொறுத்தவரை மடம் என்றால் கொன்வென்ற். கொன்வென்ற் என்றால் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஆங்கிலம், பியானோ, ஊரில் மரியாதை. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கொன்வென்ற் போர்டிங்கில் தங்கிப் படித்து ரீச்சராக வந்தவர். வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப வசதி இருந்தது. அம்மா மீன் வெட்டிக்கொண்டு வீட்டில் நின்றார். அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் கொன்வென்ற் என்ற சொல்லை அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஹைமின் சலவை இயந்திரம் பழுதானது. திருத்த ஆள் வரவில்லை. மடத்தின் தலைவி, அம்மா அவரை 'மதர்' என்றுதான் சொல்வார், பூசை முடிந்து வெளியே வரும்போது எங்களைப் பார்த்து, குடும்பத்தோடு இருப்பவர்களின் உடுப்புகளை மடத்துச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்றார். நல்ல உயரமான மனுசி. அங்கியின் பைக்குள் எப்போதும் கரமெல் டொபி வைத்திருப்பார். எங்களிடம் அன்பாகத்தான் இருந்தார். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்படித்தான் நான் வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு மடத்தின் பின்வாசலுக்குப் போகத் தொடங்கினேன். உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவு ஆவி. கொதிக்கிற சவர்க்காரம், நனைந்த கம்பளி, சூடு பட்ட பருத்தித் துணி, எல்லாம் சேர்ந்த ஒரு மணம். இன்றைக்கும் எங்காவது ஒரு நல்ல ஹோட்டலில் புதுப் படுக்கை விரிப்பில் முகம் வைத்தால் எனக்கு அந்த அறை வந்துவிடும். பட்டணத்து ஆஸ்பத்திரியின் விரிப்புகள், ஹோட்டல்களின் மேசைத் துணிகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கப்பட்டன. நடுவில் ஆள் நீளத்துக்கு உருளைகளோடு ஒரு பெரிய இஸ்திரி இயந்திரம். ஒரு பக்கம் ஈரமாகப் போகிற விரிப்பு, மறுபக்கம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு வரும். ஜன்னல்கள் எல்லாம் கைக்கெட்டாத உயரத்தில், மங்கலான கண்ணாடி போட்டு இருந்தன. வெளிச்சம் வரும், வெளியே ஒன்றும் தெரியாது.

அங்கே வயதான பெண்கள் சிலர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர்தான் எங்கள் மூட்டையை வாங்குவார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிற ஏப்ரன், தலையில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. முழங்கை வரை சிவந்த கைகள். பேசும்போது குரல் அரைவாசிதான் வரும், கோயிலுக்குள் பேசுவது மாதிரி. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுபக்கம் ஆள் இல்லாதபோது என்னைப் பார்ப்பார். நான் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன், பிறகு அவரை நோக்கி வருவேன். ஒவ்வொரு முறையும் நடுவில் கைகள் சந்திக்கும்போது அவர் மெல்லச் சிரிப்பார். எனக்கு அது விளையாட்டு. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

முதல் தரம் அம்மாவும் கூட வந்தபோதுதான் அந்தப் பிழை நடந்தது. சாம்பல் உடுப்பையும் தலைத்துணியையும் கண்டதும் அம்மா செருப்பைக் கழற்றினார். "தோத்திரம் சிஸ்டர்" என்று குனிந்து, அந்தச் சிவந்த கையை எடுத்து முத்தமிட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஊரில் நாம் செய்கிற வழக்கம்தானே. அந்தப் பெண்ணோ நெருப்புப் பட்ட மாதிரி கையை இழுத்தார். பிறகு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவியின் நடுவில் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "இஞ்சாருங்கோ, மற்றச் சிஸ்டர்மாரைப் போல இல்லை அவ. கையைப் பார்த்தால் தெரியும், உழைச்சுச் செபிக்கிற கை. கையைத் தரவே கூச்சப்பட்டவ. என்ன தாழ்மை!"

அதற்குப் பிறகு நான் சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒவ்வொரு செய்தியும் அம்மாவின் பக்திக்கு நெய் ஊற்றியது. அவருடைய ஏப்ரனின் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு எண் தைத்திருந்தது. அது எதற்கு என்று நான் கேட்டேன், "அது நான்தான்" என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"துறவறம் எண்டால் அதுதான் பிள்ளை. தனக்கெண்டு ஒண்டும் வைக்கக்கூடாது."

"அவவுக்கு அங்க போனவுடன வேற பேர் குடுத்தவையாம் அம்மா. முந்தின பேரை ஒருத்தரும் கூப்பிடுறதில்லையாம்."

"சிஸ்டர்மாருக்கு அப்பிடித்தான். உலகத்துப் பேரை விட்டிட வேணும்."

"வெளியில போறதே இல்லையாம். பார்க்கவும் ஒருத்தரும் வாறேல்லையாம்."

"பார்த்தியே! இந்தக் காலத்தில ஆருக்கு ஏலும்?" அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். "நீ அங்க போனால் வாயாடாம நில்லு. அவ ஒரு அர்ச்சியசிட்டவள், புனிதை."

சில வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் வயதான ஜெர்மன் பெண்கள் சிலர் பேசினார்கள். உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். போருக்குப் பிறகு நெடுங்காலம் இந்த நாட்டில், கெட்டுப்போகக்கூடும் என்று யாராவது நினைத்த பெண்பிள்ளைகளைச் சிஸ்டர்மார் நடத்திய விடுதிகளில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தகப்பன் சொன்னாலும் போதும், பங்குச் சுவாமி சொன்னாலும் போதும், இளைஞர் நல ஆபீஸ் சொன்னாலும் போதும். பூட்டிய கதவு, சலவை, இஸ்திரி, தையல், செபம். சம்பளம் கிடையாது. காலம் மாறிக் கதவுகள் திறந்தபோது இளம்பிள்ளைகள் போய்விட்டார்கள். போக இடமில்லாதவர்கள் அங்கேயே வயதானார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அடைத்து வைத்ததன் ஒவ்வொரு அடையாளத்தையும் எடுத்து, என் அம்மா ஒவ்வொரு புண்ணியமாக அடுக்கி வைத்திருந்தார். எண், பேர், தலைத்துணி, அடங்கிய குரல், எல்லாமே ஊர்க் கண்ணுக்குத் தவமாகத் தெரிந்தது. அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்ததை வைத்துத்தானே மனிதர் தெரியாததைப் படிக்கிறார்கள்.

சரி, அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகை மாதம். மேல்மாடிப் பெடியன் ஒருவன் அக்காவுக்கு ஒரு பாட்டுக் கசெற் கொடுத்திருந்தான். சினிமாப் பாட்டுகள், அவ்வளவுதான். அக்கா அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். தலையணை உறை சலவைக்குப் போகும் என்பதை அவ்வளவு கெட்டிக்காரி எப்படி மறந்தாள் என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று. அம்மா உறையை உதறினார், கசெற் தரையில் விழுந்தது. அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும். கட்டிலில் உட்கார்ந்து கசெற்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மதரிடம் போனார். மூத்த பிள்ளையை மடத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மதர் யோசித்தார். மேலே அறைகள் சும்மாதான் கிடக்கின்றன, சமையலும் இஸ்திரியும் பழகலாம், பாதுகாப்பாக இருப்பாள், பள்ளிக்கூட விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். ஒரு வாரம் கழித்துத் திங்கட்கிழமை கொண்டுவந்து விடச் சொன்னார். என் கன்னத்தைத் தட்டி ஒரு டொபியும் தந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பிள்ளையை ஏன் கொண்டுபோய் அடைக்கோணும்?" என்று அப்பா ஒரே ஒரு தரம் கேட்டார். "அவள் இப்பதானே பள்ளிக்கூடத்தில நல்லாச் செய்யிறாள். ரீச்சரும் ஏதோ அவுஸ்பில்டுங்குக்கு, தொழில் பழகிறதுக்கு, இடம் பிடிக்கலாம் எண்டு சொன்னவவாம்."

"அடைக்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள்! கொன்வென்றில இருந்த பிள்ளை எண்டால் ஊரில என்ன மரியாதை எண்டு உங்களுக்குத் தெரியாதோ? என்ர தங்கச்சியைப் பாருங்கோ. இஞ்ச இத்தனை பெடியளுக்கு நடுவில நான் என்னெண்டு அவளைப் பொத்தி வைக்கிறது?"

 அப்பா எழுந்து கரம்போர்ட் பக்கம் போனார்.

அக்கா அழவில்லை. மேல் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றாள். என்னிடம் மட்டும் ஒருநாள் மெல்லச் சொன்னாள்: "அவுஸ்பில்டுங் எல்லாம் போச்சுதடி. அங்க போனால் இனி என்னை ஆர் வெளியில விடப்போகினம்?" நான் அதைக் கேட்டுவிட்டு, மேல் கட்டில் இனி எனக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயது மனம் அப்படித்தான்.

அந்த வாரம் மூட்டையோடு போனபோது அம்மா சொல்லிவிட்ட செய்தியை நான் சலவைக்கூடத்தில் அப்படியே ஒப்பித்தேன். என் அக்கா உங்களோடு இருக்க வரப்போகிறாள், அவளை உங்கள் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா கேட்கிறார் என்று. அவர் அப்போது ஒரு விரிப்பை இயந்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருண்டது. அப்படி ஆனதை நான் பார்த்ததே இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவள் என்ன செய்தாள்?"

"ஒன்றும் செய்யவில்லை. ஒரு பாட்டுக் கசெற் வைத்திருந்தாள்."

"என்ன வயது?"

சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்தார். கை சூடாக இருந்தது. பிறகு, மூட்டை இங்கேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போ என்றார். அன்றைக்கு விரிப்பு மடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம் கதவில் தட்டுக் கேட்டது. அப்பா திறந்தார். சலவைக்கூடத்துப் பெண் நின்றார். யாரோ இரண்டு மடங்கு பெரிய ஆளின் கோட்டைப் போட்டிருந்தார். தோளில் எங்கள் மூட்டை, அன்றைக்கு நான் விட்டுவிட்டு வந்தது. சலவை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாசல் காக்கிற சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்தாராம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சிஸ்டர் நம் அறைக்கு வந்திருக்கிறார்! நல்ல விரிப்பைக் கட்டிலில் விரித்தார், பக்கத்து அறையில் கதிரை கேட்டு அப்பாவை ஓட்டினார், பால்மாவும் இஞ்சியும் போட்டுத் தேத்தண்ணி வைத்தார். டின் மீனில் சுட்ட ரோல்ஸ் இரண்டு இருந்தது, அதையும் வைத்தார். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் அம்மாவிடம் சொல்லு, நான் சிஸ்டர் இல்லை" என்றார்.

"அம்மா, அவ சிஸ்டர் இல்லையாம்."

அம்மா சிரித்தார். "பார், என்ன தாழ்மை. சாப்பிடச் சொல்லு."

"இல்லை அம்மா. திரும்பவும் அதைத்தான் சொல்லுறா. தான் சிஸ்டர் இல்லையாம். ஒருநாளும் சிஸ்டராய் இருந்ததில்லையாம். தன்னை அங்க கொண்டுவந்து விட்டவையாம்."

"ஆர் விட்டது?"

அதற்குப் பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாதி எனக்கு விளங்கவில்லை, விளங்காததையும் சொன்னேன். அவருக்கு அப்போது பதினேழு வயதாம். போர் முடிந்து கொஞ்சக் காலம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரு பையனோடு இரண்டு தரம் நடனத்துக்குப் போனாராம். தகப்பனும் பங்குச் சுவாமியும் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்களாம். ஒரு கோடைகாலத்துக்குத்தான் என்றார்களாம். முதல் நாளே தலைமுடியை வெட்டினார்களாம். கோடை முடிந்ததாம், ஒருவரும் வரவில்லையாம்.

அம்மா தேத்தண்ணிக் கேத்தலைக் கையில் பிடித்தபடியே நின்றார். "கேள், அவவின்ர அம்மா வரேல்லையோ?"

கேட்டேன். 

"வந்தாள். ஒரு நத்தார் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்தாள். தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாளாம், என் மகள் சிஸ்டர்மாரிடம் இருக்கிறாள், நல்ல இடத்தில் இருக்கிறாள் என்று. என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுதேன். இங்கே நீ பாதுகாப்பாக இருக்கிறாய் என்றாள். என்னை நேசித்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை."

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் முகம் மாறியது. வேறொரு நாட்டு, வேறொரு மொழிக்காரத் தாய் ஒருத்தி சொன்ன வார்த்தைகள், ஒன்று விடாமல் அம்மாவின் வார்த்தைகளாக இருந்தன. அம்மா கேத்தலைக் கீழே வைத்தார். மேல் கட்டிலில் அசைவு கேட்டது. அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது, கண் வீங்கியிருந்தது. அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, நேராகவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். "நீ பள்ளிக்கூடம் போகிறாயா?"

"ஓம்" என்று அக்கா தமிழில் சொல்லி, பிறகு ஜெர்மனிலும் சொன்னாள்.

"பிடித்திருக்கிறதா?"

அக்கா தலையாட்டினாள். அவ்வளவு நாளும் வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

அம்மா ஏணியின் கீழே போய் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினார், சின்னப்பிள்ளையை இறக்குகிற மாதிரி. "இறங்கி வா. நான் உன்னை ஒரு இடமும் அனுப்பேல்லை. வா, வந்து சாப்பிடு." அக்கா இறங்கி வந்தாள். அப்பா வாசலில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ரோல்ஸை அக்காவும் அந்தப் பெண்ணும் ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டார்கள். மிளகாய் கூடிவிட்டது, அவருக்கு மூக்கு ஒழுகியது, ஆனால் ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

பொழுது சாயத் தொடங்கியதும் அவர் பதற்றத்தோடு எழுந்தார். செப மணிக்கு முன் உள்ளே போய்விட வேண்டும் என்றார். அம்மா என்னைப் பார்த்தார்.

"கேள், அந்தக் கேற் இப்பவும் பூட்டுறவையோ?"

"இல்லையாம். கன வருசமாய்ப் பூட்டுறதில்லையாம்."

"அப்ப அவ ஏன் போகேல்லை?"

கேட்டேன். அவர் அந்தப் பெரிய கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். போட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "போகலாம் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை."

அதையும் சொன்னேன். அம்மா முன்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றை இங்கே நினைவுபடுத்துகிறேன், நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் நாங்கள் எங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவே அனுமதி வாங்க வேண்டும். டோர்ட்மண்டில் இருந்த சொந்தத் தம்பியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றபோது அம்மாவை விடவில்லை. தானாக எங்கும் போக முடியாத அந்த மனுசி அவருக்கு முன்னால் போய் நின்று, சிவந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இந்த முறை முத்தமிடவில்லை. சும்மா பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்லுறன் எண்டு சொல்லு. நீங்கள் போகலாம் அக்கா எண்டு சொல்லு."

சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "மறுபடியும் சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைவிட நல்ல ஜெர்மனில் ஒரு தரம் சொன்னாள்.

அன்றைக்கு அவர் மடத்துக்குத்தான் திரும்பிப் போனார். கதைகளில் வருகிற மாதிரி ஒரே நாளில் யாரும் மாறிவிடுவதில்லை. அம்மா அடுத்த நாள் மதரிடம் போய், பிள்ளை எங்களோடேயே இருக்கட்டும் என்று என்னைச் சொல்லவைத்தார். சொல்லிவிட்டு வழக்கம்போல மதரின் கையை முத்தமிட்டார். அம்மாவின் விசுவாசத்தில் ஒரு கல்லும் அசையவில்லை. கடைசி வரை அப்படித்தான் இருந்தார். ஆனால் ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் பின்வாசலுக்குப் போய், "அக்கா, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். முதலில் அவர் ஒவ்வொரு முறையும் வாசல் சிஸ்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். பிறகு சொல்லிவிட்டு வந்தார். மிளகாய் குறைவாகப் போட அம்மாவும் பழகிக்கொண்டார்.

அக்கா பள்ளிக்கூடம் முடித்தாள், அவுஸ்பில்டுங் முடித்தாள், இப்போது எசனில் ஒரு பல் வைத்தியரிடம் எல்லோரையும் அதட்டி வேலை வாங்குகிறாள். கசெற் கொடுத்த பெடியன் கனடாவுக்குப் போய்விட்டான். அவனுக்கு அக்காவின் முகமாவது நினைவிருக்குமோ தெரியாது. அவ்வளவு சின்ன விஷயம் அது. அவ்வளவு சின்ன விஷயத்துக்காக ஒரு வாழ்க்கையே போயிருக்கும். போனவர்கள் இருக்கிறார்கள்தானே, எத்தனையோ பேர்.

அடுத்த வசந்தத்தில் மடத்து இளம் சிஸ்டர் ஒருவர் நகரசபைக்கு அலைந்து, சந்தைச் சதுக்கத்தில் பேக்கரிக்கு மேலே சலவைக்கூடத்துப் பெண்ணுக்கு ஒரு அறை பார்த்துக் கொடுத்தார். போகிற நாள் அந்தப் பெண் எங்களையும் வரச் சொன்னார். அம்மா, அக்கா, நான். அவரிடம் ஒரு சின்ன மட்டைப் பெட்டிதான் இருந்தது. அதை அக்கா தூக்கிக்கொண்டாள். மதரும் வந்து கைகொடுத்தார். இளம் சிஸ்டர் கட்டிப்பிடித்து அழுதார். கேற் அகலத் திறந்திருந்தது. அக்கா முதலில் வெளியே போனாள், நான் அடுத்து, அம்மா எனக்குப் பின்னால். திரும்பிப் பார்த்தால் அவர் வரவில்லை. உள்ளே, வாசலுக்கு ஒரு அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவர் மதரைப் பார்க்கவில்லை, வாசல் சிஸ்டரையும் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டு காத்து நின்றார்.

நான் ஜெர்மனில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

"வாங்கோ அக்கா" என்றார் தமிழில். "போவம்."

அவர் வந்தார்.